மலைமேலிருந்து டவர் பேசுகிறேன்

செஞ்சியில் பரலோகத்துக்கு மிக அருகிலிருந்து போன் பேசியவர் என்று ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் பெயர் டவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அது கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது, வெளியே புழங்கவில்லை. பங்குச் சாமியாரே பூசை முடிந்ததும் மைக்கில், "டவர் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போகவும்" என்றுதான் அறிவிப்பார்.

டவருக்குத் திருவண்ணாமலை சாலையில் வெல்டிங் பட்டறை. அவருக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை, எதிரில் ஆள் இருந்தால் போதும். ஆள் இல்லாத நேரத்தில் டிரில்லிங் மெஷினைத் திட்டுவார். அட்வான்ஸ் கொடுத்தவர்கள்கூட கேட் தயாரா என்று எதிர்ச் சாரியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஓர் ஆண்டு தவக்காலத் தியானத்துக்கு வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். மலைமேல் இயேசுவின் முகம் ஒளிர்ந்ததைக் கண்ட பேதுரு அங்கேயே கூடாரம் போட ஆசைப்பட்டதையும், ஆண்டவர் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு வந்ததையும் விளக்கிவிட்டு, "மலையில் கண்டதைத் தெருவுக்கு இறக்குங்கள்" என்று முடித்தார். நாங்கள் ஆமென் சொல்லிவிட்டுக் கஞ்சி குடித்துக் கலைந்தோம். நான் டைரியில், "பிரசங்கம் 47 நிமிடம். நன்று" என்று எழுதினேன். டவர் மறுநாள் காலை ராஜா கோட்டை மலை ஏறிவிட்டார்.

"செஞ்சில பொறந்துட்டு, மலைக்கு பஸ் ஏறியாணா போவாங்க?" என்று கேட்டார்.

முதல் தடவை வெறுங்கையோடு இறங்கி வந்தார். "மேல ஒன்னு கெடச்சுதுணா. பெருசு. ஒடம்பே சிலுத்துப்போச்சு. பாதி எறங்கறப்ப ஒரு கொரங்கு துண்டப் புடுங்கிடுச்சு. அத நாலு வார்த்த கேட்டேன். கேட்டு முடிச்சுப் பாத்தா, உள்ள ஒன்னுமே இல்ல."

"துண்டு?"

"துண்டு கெடச்சுடுச்சு. அதுதான் போயிடுச்சு."

அடுத்த வாரம் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு இறங்கினார். வியர்வையில் எல்லாம் கரைந்து, "ஆகவே" மட்டும் மிஞ்சியது. மூன்றாவது வாரம் உச்சியிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

என்னை ஏன் பிடித்தார் என்பதற்குக் காரணம் உண்டு. தாலுகா அலுவலகத்தில் தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துக் குறிப்பது என் வேலைகளில் ஒன்று. மழை பெய்யாத நாளிலும் "இல்லை" என்று எழுதியாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக "இல்லை" எழுதிப் பழகிய கை, எதையும் கூட்டாது குறைக்காது என்று டவர் நம்பினார்.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் பத்தேகாலுக்கு போன் வரும். "மலமேலேர்ந்து டவர் பேசறேன். எழுதிக்கணா." நான் நேரத்தைப் போட்டு எழுதுவேன். முதல் பதிவு இது: "காலை 10.17. மேலேயிருந்து பார்த்தால் ஊரில் எல்லா மாடியிலும் துணி காய்கிறது. யார் வீட்டுத் துணி என்று தெரியவில்லை." சொல்லி முடித்து, "எழுதிட்டியா?" என்பார். "எழுதிட்டேன்" என்றதும் நிம்மதியாக இறங்குவார். வழியில் எத்தனை குரங்கு வந்தாலும் கவலையில்லை.

ஆனால் இறக்கியதை அவர் பயன்படுத்திய விதம்தான் ஊரையே மிரள வைத்தது. ஒரு நாள் கேட் இரண்டு அங்குலம் அகலம் குறைவு என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். டவர் சுத்தியலைக் கையில் எடுத்தவர், திடீரென்று, "ஒரு நிமிஷம் இரு நைனா" என்று அவரை நிறுத்திவிட்டு எனக்குப் போன் போட்டார்.

"அண்ணா, அந்தத் துணி காயற பக்கத்தப் படி. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

அலுவலகத்தில் ஆறு பேர் பார்க்க, நான் படித்தேன். மறுமுனையில் சுத்தியலைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு டவரின் குரல்: "செரி, அளவு நான்தான் தப்பா எடுத்தேன். வுட்டுட்டுப் போ, வேற அடிச்சுத் தரேன்."

அதற்குப் பிறகு பட்டறைக்கு வந்தவர்கள் சண்டையை ஆரம்பிக்கும் முன்பே, "மொதல்ல உங்க ஆளுக்குப் போன் போடுங்க" என்று சொல்லத் தொடங்கினார்கள். அவர் மனைவி நேராக என்னையே அழைப்பார். "அண்ணா, கொழம்புல உப்பு பத்தலன்னு தட்டத் தூக்கிட்டாரு. அந்தத் துணி பக்கமே படிங்க. மத்ததெல்லாம் லேட்டாதான் வேல செய்யுது."

இப்படி ஊரோடெல்லாம் சமாதானமான டவருக்கு, மலை எவ்வளவு ஏறியும் இறங்காத ஒன்று பாக்கி இருந்தது. அவர் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சுவரில் ஒரு கேட் உண்டு. அவரே அடித்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தண்ணீர் மோட்டாரை யார் முதலில் போடுவது என்ற தகராறில், அந்த கேட்டை அவர் மூடிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பூட்டுப் போட்டிருப்பார்கள். டவர் வெல்டிங் வைத்துவிட்டார்.

தம்பி மகளுக்கு மாதா விண்ணேற்புத் திருநாளில் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள். அந்த ஆண்டு திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பத்திரிகையைத் தம்பி நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்பியிருந்தார், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. டவர் அதை என்னிடம் காட்டினார்.

"நாளிக்கி காலைல ஏறறேன்ணா. எப்படியாவது ஒன்னு எறக்கணும். சாயங்காலம் அந்த கேட்டாண்ட நின்னு தம்பியக் கூப்புடப் போறேன். கூப்ட்டு இன்னா சொல்றது? எனக்கா வாயத் தொறந்தா சண்டதான் வருது. பாப்பா நன்ம வாங்கறப்ப நான் பட்டறைல ஒக்காந்திருக்க முடியாதுணா."

மறுநாள் சனிக்கிழமை. ஆடி மாதக் கடைசி. 10.21க்கு போன் வந்தது. மேலே என்ன காற்றோ, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. இரண்டு நிமிடம் கத்திக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. கடைசியில் "எழுதிட்டியா?" என்பது தெளிவாகக் கேட்டது. "எழுதிட்டேன்" என்றேன். பொய்யில்லை. கேட்டதை எழுதியிருந்தேன். திரும்ப அழைப்பதற்குள் அவர் போனில் சார்ஜ் போய், மாலை வரை கிடைக்கவில்லை.

மாலை 5.38க்கு போன் வந்தது. "அண்ணா, கேட்டாண்ட நிக்கறேன். தம்பி அந்தாண்ட நிக்கறான். எனக்கு வழக்கம்போல மறந்துபோச்சு. காலைல சொன்னதப் படி. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்."

பின்னால் தம்பியின் குரல் கேட்டது. "இன்னா, இன்னொரு கோட்டு வெல்டிங் வைக்க வந்தியா?"

துணி பக்கத்தைப் படிக்கலாம். ஆனால் அது அவருக்கு மனப்பாடம். பழைய பிரசங்கங்களிலிருந்து அழகாக ஒன்றைக் கோத்துச் சொல்லலாம், யாருக்கும் தெரியாது. நான்கு ஆண்டுச் சண்டை தீரும் என்றால் ஒரு பொய் பெரிதா? ஆனால் கண் முன்னால் என் கையெழுத்து இருந்தது. மழை பெய்யாத நாளுக்கு நான் ஒரு சொட்டும் எழுதியவனில்லை. படித்தேன்.

"காலை 10.21. காற்றுச் சத்தம். 10.22. காற்றுச் சத்தம். குரங்கு, ஒன்று. 10.23. மறுபடி காற்றுச் சத்தம். எழுதிட்டியா என்றார். எழுதிட்டேன் என்றேன்."

எல்லாம் கெட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது தம்பி சிரித்தார். அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு.

"இதுக்கா அண்ணா மலையேறுன? காத்து வேணும்னா என் மாடிக்கு வந்திருக்கலாம் இல்ல?"

"எப்டிடா வர்றது? கேட்டு மூடிக் கெடக்குது."

"யாரு மூடனது?"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான்தாண்டா" என்றார் டவர். "நான்தான் மூடனேன்."

டைரியில் அந்த நாளின் கடைசிப் பதிவு: "மாலை 5.44. வெல்டிங்கை அறுக்கும் கிரைண்டர் சத்தம். ஆறு நிமிடம்." மறுநாள் பூசையில் டவர் மூன்றாவது வரிசையில், புதுச் சட்டையில், சத்தமாக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

இந்த ஆண்டு அவருடைய முட்டி தேய்ந்துவிட்டது. மலையேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சனிக்கிழமைகளில் என் போன் சும்மா கிடந்தது. இரண்டு சனிக்கிழமை பொறுத்தேன். மூன்றாவது வாரம், அவர் சொன்னதையெல்லாம் இரண்டு டைரி நிறைய எழுதிவிட்டு ஒரு தடவைகூட ஏறாத நான், கோட்டைக்குப் போனேன். நடுவில் பதினோரு முறை உட்கார்ந்தேன். பேனா மூடியைக் குரங்கு கொண்டுபோனது. உச்சியைத் தொட்டதும் அவருக்குப் போன் போட்டு, "மலைமேலேர்ந்து பேசறேன்" என்றேன். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். உள்ளங்கையைத் தவிர வேறெதிலும் எழுதிப் பழகாத மனிதர், புது நோட்டு வாங்கி வைத்திருந்தார்.

"எழுதிட்டேன்ணா" என்றார். "பாத்து எறங்கு."