ராட்டினத்துக்குச் சிவப்பு அட்டை

2025 ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். பத்தொன்பது டிகிரி, வடமேற்கிலிருந்து மெல்லிய காற்று, தூசி இல்லை. அந்த நிமிடத்தில் எங்கள் நகரத்துக் குளிர்காலக் கார்னிவலின் ராட்சத ராட்டினத்தை ஒரே ஓர் ஆள், உள்ளங்கை அகல அட்டை ஒன்றால் நிறுத்தினார். வளைகுடாவில் எண்ணெய் தோண்டியவர்கள் உண்டு, மேகத்துக்கு மேல் கட்டடம் எழுப்பியவர்கள் உண்டு. ஆனால் கடவுள் படைத்த எந்தப் பொருளிலும் குறைந்தது ஒரு பாதுகாப்புக் குறைபாட்டைக் கண்டுபிடிக்கக் கூடியவர் எங்கள் சேஃப்டி அண்ணாச்சி ஒருவர்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் கட்டுமானக் கம்பெனியின் டைம்கீப்பர் என்ற முறையில் என் பதிவேட்டில் அதை ஒன்பது ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறேன். முவைலாவில் உள்ள எங்கள் கேம்பில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வேறு யாருக்கும் அது தெரியாது. திருநெல்வேலிக்காரர், சேஃப்டி ஆபீசர், ஆகவே சேஃப்டி அண்ணாச்சி. தலையில் ஹெல்மெட், மேலே பளபளக்கும் பச்சை ஜாக்கெட், தோளில் ஒரு பை. கார்னிவலுக்கும் அதே கோலம்தான். ஒருமுறை கேட்டதற்கு, ஆபத்து லீவு எடுக்குதா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

கேம்பில் ஒரு பையனுக்குப் பிறந்தநாள் வந்தது. கேக்கில் இருபத்தாறு மெழுகுவர்த்திகள். அண்ணாச்சி வந்து, நெருப்பு வேலைக்கு பெர்மிட் எங்கே என்றார். இரண்டு தீயணைப்பு உருளைகளையும் ஒரு வாளி மணலையும் மேஜையருகே வைத்து, படிவம் நிரப்பிக் கையெழுத்து வாங்குவதற்குள் இருபத்தாறும் உருகிக் கேக்கில் கலந்துவிட்டன. இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுப்பது அவர் கணக்கில் உயரத்தில் செய்யும் வேலை. மேல்தட்டுக்காரர்கள் ஏறும்போது மூன்று இடத்தில் பிடிமானம் இருக்கிறதா என்று கீழே நின்று பார்ப்பார். சாம்பார் அண்டாவைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியதால் நாங்கள் நாற்பத்தைந்து பேரும் ஒரு முழு வாரம் அரை மீட்டர் தள்ளி நின்று கையை நீட்டித் தட்டை நிரப்பினோம். கொட்டிய சாம்பார் எவ்வளவு என்று நான் அளக்கவில்லை. அளந்திருக்க வேண்டும்.

இனி கார்னிவலுக்கு வருகிறேன். ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி எங்களுக்கு ஒரு பஸ் தரும். ஆட்கள் இஸ்திரி போட்ட சட்டையும் குரங்குக் குல்லாயுமாக ஏறுவார்கள். நுழைவாசலில் விளக்கு வளைவுக்குக் கீழே ஒரு படம், பிறகு காகிதக் கோப்பையில் தேநீர், பிறகு எல்லோருமாக ராட்டினம். உச்சியில் நின்று எடுத்த வீடியோவை ஊருக்கு அனுப்புவார்கள். மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் மேலே போவது வேலைக்கு. அன்று ஒருநாள்தான் சும்மா மேலே போவது. நான் மட்டும் ஏறியதில்லை. கீழே நின்று, ஏறியவர் நாற்பத்து நான்கு, இறங்கியவர் நாற்பத்து நான்கு என்று எண்ணுவேன்.

சிவப்பு அட்டைக்கு முந்தைய ஆண்டு அண்ணாச்சி ஒட்டகச் சவாரி வரிசைக்குள் புகுந்துவிட்டார். ஒட்டகக்காரரிடம், "பாய், இஸ்கா லாஸ்ட் சர்வீஸ் கப் ஹுவா?" என்று, அதற்குக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்பதை, பணிவாகத்தான் கேட்டார். எத்தனை கிலோ வரை தாங்கும் என்று அதன் மேல் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்றார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். ஒட்டகம் அவருடைய ஜாக்கெட்டின் மேல் அரை லிட்டர் எச்சிலை வடித்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து 'கசிவு உள்ளது' என்று குறித்துக்கொண்டார்.

புகார் கம்பெனிவரை போயிற்று. கேம்ப் பாஸ் என்னைக் கூப்பிட்டார்.

"சாரே, இனி ஒரு கம்ப்ளைண்ட் வந்தா பஸ் கலாஸ். அடுத்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் இல்ல. அவரைப் பாத்துக்க வேண்டியது நீங்க."

ஆக, அந்த ஜனவரி பத்தொன்பதில் என் பொறுப்பு நாற்பத்து நான்கு தலைகள் அல்ல, ஒரே ஒரு தலை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அண்ணாச்சியின் பக்கத்திலேயே நடந்தேன். ஒட்டகங்களைச் சுற்றிக்கொண்டு போனோம். தேநீர்க் கடையில் கொதிக்கும் கெட்டிலை அவர் பார்க்காதபடி மறைத்து நின்றேன். ராட்டினத்தடிக்கு வந்தபோது நம் ஆட்களை எண்ண ஒரே ஒரு நிமிடம் திரும்பினேன்.

"சார், இங்கன கொஞ்சம் வாங்க. இந்தக் கைப்பிடிக் கம்பியில எத்தனை நட்டு இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க."

நான் எண்ணியிருக்கக் கூடாது. ஆனால் எண்ணச் சொன்னால் என்னால் எண்ணாமல் இருக்க முடியாது.

"ஏழு."

"ஓட்டை எத்தனை?"

"எட்டு."

"அம்புட்டுத்தான்" என்றார் அண்ணாச்சி. பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, ஏறும் படியில் கட்டிவிட்டார்.

எங்கள் தொழிலில் சாரம் கட்டினால் அதன் ஏணியில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம். சிவப்பு என்றால் முதலாளியே சொன்னாலும் ஏறக் கூடாது. கட்டியவர் மட்டுமே அதை அவிழ்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்றைய வரிசையில் முக்கால்வாசிப் பேர் எங்களைப் போன்ற சைட் ஆட்கள். தமிழர், வங்காளி, நேபாளி, பட்டாணியர் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரடி பின்வாங்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு பேர். யாரும் காரணம் கேட்கவில்லை.

கழுத்தில் அடையாள அட்டை தொங்க மேனேஜர் ஓடிவந்தார். ஒரு கைப்பிடிக் கம்பியில் ஒரு நட்டு இல்லாததால் ஒன்றும் ஆகாது, ஏறுங்கள் என்று மூன்று மொழிகளில் சொன்னார். எவரும் அசையவில்லை. கட்டணம் வேண்டாம் என்றார். அப்போதும் அசையவில்லை. அட்டையை அவர் அவிழ்க்கப் போனபோது நூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து முனகிய சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டார். பிறகு வேலிக்கு அப்பால் நின்ற எங்கள் பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த கம்பெனி நம்பரை உரக்கப் படித்தபடி தன் போனில் அழுத்த ஆரம்பித்தார்.

ஐந்து இலக்கங்கள் ஆகியிருந்தன. நம் ஆட்கள் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நான் கைகூப்பி மேனேஜரிடம் கெஞ்சினேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். இந்த ஆள் அட்டையை மாற்றி, தானே முதலில் ஏறி, கூட்டத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டும். இல்லையென்றால் மீதி நம்பரையும் அழுத்துவார்.

அண்ணாச்சிக்கு இதில் ஆட்சேபம் இல்லை. கையெழுத்துப் போட்டவன் முதலில் ஏறுவது ரூல்தான் என்றார். எட்டாவது நட்டு வந்தது. அதை முடுக்கினார்கள். முப்பத்தாறு பெட்டிகளின் கதவையும் ஒவ்வொன்றாக மூன்று முறை ஆட்டிப் பார்த்துவிட்டு அவர் பச்சை அட்டையைக் கட்டியபோது கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகுதான் சொன்னார், உயரத்துக்குத் தனி ஆளாகப் போகக் கூடாது என்று.

"கூட ஒரு ஆள் வேணும்லா?"

எங்கள் வெல்டர் முருகேசன் சாவகாசமாக என் தோளில் கை வைத்தான். "கணக்கு சார், இத்தனை வருஷமா நீங்க எங்களை எண்ணுனீங்க. இன்னைக்கு நாங்க கீழ நின்னு உங்களை எண்ணுறோம்."

மேனேஜர் சும்மாவே ஏறச் சொன்னார். அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் ஏறினால் இன்சூரன்ஸ் கிடையாதாம். சரி, டிக்கெட் எடுங்கள் என்றேன். உயரத்துக்குப் போகிறவன் சட்டைப் பையில் எதுவும் இருக்கக் கூடாது என்பதால் பர்ஸை கேம்பிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு டிக்கெட்டையும் நான்தான் எடுத்தேன்.

பெட்டிக்குள் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். இடுப்பைச் சுற்றி ஏதோ இறுகியது, கொக்கி ஒன்று கம்பியில் மாட்டும் சத்தம் கேட்டது. ராட்டினம் நகர்ந்தது. எனக்கு அறுபத்து நான்கு வயது, கணிதத்தில் பட்டம், அன்றுவரை மூன்றாவது மாடிக்கு மேல் ஜன்னலோரம் போனதில்லை. நான் மூச்சை எண்ணினேன். அண்ணாச்சி பேசிக்கொண்டே வந்தார். காற்று எத்தனை கிலோமீட்டருக்கு மேல் போனால் நிறுத்த வேண்டும், இப்போது எவ்வளவு, இந்த மாதிரி அச்சு எத்தனை டன் தாங்கும். குரல் மட்டும் சற்று ஓங்கியிருந்தது.

உச்சியில் ராட்டினம் நின்றது. நான் இருநூற்றுப் பத்தாவது மூச்சில் கண்ணைத் திறந்தேன். கீழே விளக்குகளை எண்ணப் பார்த்தேன், முடியவில்லை. எதிர்ப் பக்கம் திரும்பினேன். அண்ணாச்சி இரண்டு கைகளாலும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்த்து உட்கார்ந்திருந்தார். என் இடுப்பில் அவருடைய சேஃப்டி பெல்ட். அவர் இடுப்பில் ஒன்றும் இல்லை.

"உங்க பெல்ட் எங்கே அண்ணாச்சி?"

"ஒண்ணுதான சார் பையில இருந்துச்சு."

"அப்போ ரூல்?"

அவர் ராட்டினம் மறுபடி அசைந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கீழ போயி பயலுவகிட்ட சொல்லிராதீங்க சார்."

சொல்லவில்லை. கீழே முருகேசன் விரலை நீட்டி, "ஒண்ணு, ரெண்டு, சரியா இருக்கு" என்றான். மேனேஜர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாற்பத்து மூன்று பேர் குல்லாயைச் சரிசெய்துகொண்டு ஏறினார்கள். அண்ணாச்சி, ஒரு நாளைக்கு ஒரு சுற்றுப் போதும் என்று என் பக்கத்தில் நின்றுவிட்டார். எண்ணிக்கை அன்று முதல்முறையாக ஒன்று குறைந்தது. எனக்கு அது உறுத்தவில்லை.

பஸ் இந்த ஆண்டும் வந்தது. அண்ணாச்சி ஜெபல் அலி சைட்டுக்கு மாற்றலாகிவிட்டார். ராட்டினத்தில் ஏறுவதற்கு முன் நம் ஆட்கள் ஒவ்வொருவரும் கதவை மூன்று முறை ஆட்டிப் பார்த்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானும் ஆட்டினேன், ஏறினேன்.

மாதம் ஒருமுறை அவர் போன் செய்து, அன்றைய டிக்கெட்டில் தன் பங்கைத் தந்துவிடுவதாகச் சொல்கிறார். ஒரு திர்ஹாமைக்கூட விட்டுக் கொடுக்காதவன் என்று கேம்பில் எனக்குப் பெயர் உண்டு. வேண்டாம் அண்ணாச்சி, இரண்டும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆக மொத்தம், அறுபது திர்ஹாம்.