செவ்வாய்க் கல்லின் வாசனை

கல் தண்ணீரில் கரைந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகக் காப்பாளர் வாளியையே வெறித்துப் பார்த்தார்.

எல்லாம் ஆசையால் வந்த வினை. செவ்வாயிலிருந்து விழுந்த அந்தக் கல்லுக்குள் அந்தக் கிரகத்துக் காற்று அடைபட்டிருக்கிறது என்று கண்ணாடிப் பெட்டியின் மேல் எழுதியிருந்தது. தினமும் அதைப் படித்துப் படித்து, அந்தக் காற்று எப்படி மணக்கும் என்ற கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. எடுத்து மோந்தார். மணக்கவில்லை. சூடு காட்டினால் மணக்குமோ என்று மேசை விளக்கின் அடியில் வைத்தார். கறுப்பு மேல்தோல் பொரிந்தது. பதறிப்போய் வாளியில் போட்டார்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இயக்குநர் அம்மாவோ இதே அறையில் காப்பாளராக இருந்து மேலே போனவர். கண்ணாடியில் விரல் ரேகை தெரிந்தாலே கூப்பிட்டு அனுப்புவார்.

மனைவிக்கு போன் போட்டார்.

"வேற கல்லை வைங்க. கல்லுக்கா பஞ்சம்?"

"செவ்வாய்லேர்ந்து வந்த கல்லும்மா அது."

"பாக்க வர்றவங்க மட்டும் அங்க போய்ட்டு வந்தவங்களா?"

நியாயமாகத்தான் பட்டது. கிடங்கு அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கறுப்புக் கல்லைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

மறுநாளே இயக்குநரோடு ஓர் ஆராய்ச்சியாளர் வந்து நின்றார். "ஒரு துளி வெட்டிக்கறேன். உள்ள இருக்கற வாயுவும், செவ்வாய்ல விண்கலம் அளந்த காத்தும் ஒண்ணான்னு பாக்கணும்."

"எதுக்குங்க சிரமம்? செவ்வாய்க் கல்லுதான்," என்றார் காப்பாளர், வியர்வையைத் துடைத்தபடி.

"ஆமா, இப்ப என்ன அவசரம்?" என்றார் இயக்குநர். அவர் தன் பக்கம் பேசியது காப்பாளருக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஆராய்ச்சியாளர் வெட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் முழுக்கக் காப்பாளருக்குச் சோறு இறங்கவில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்லில் என்ன காற்று இருக்கப்போகிறது?

ஆராய்ச்சியாளர் சிரித்த முகமாகத் திரும்பி வந்தார். "அச்சு அசலா செவ்வாய்க் காத்து. தண்ணி பட்டு உண்டான களிமண்கூட உள்ள இருக்கு. அங்க ஒரு காலத்துல பாறை இடுக்குல தண்ணி கசிஞ்சிருக்கு."

காப்பாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்படியானால் வாளியில் கரைந்தது என்ன?

விருந்தாளியை வழியனுப்பிவிட்டு வந்த இயக்குநர், கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் குனிந்தார்.

"மண்ணைப் பிசைஞ்சு சாயம் பூசி வெச்சுட்டு, இத்தனை வருஷமாத் தேடறேன். நான் மோந்து பாக்க எடுத்துத் தொலைச்ச கல்லு உங்களுக்கு எங்கங்க கிடைச்சுது?"