துணிக்கைக்குக் காவல்

ஒருவர் தொழில் செய்கிறார் என்று சொல்ல, அவர் தொழில் செய்தால் மட்டும் போதாது. அரசாங்கக் கந்தோர் அதை அறிந்து, ஏற்று, வட்ட முத்திரை குத்தித் தரவேண்டும். முத்திரை விழும்வரைக்கும் அவர் சும்மா இருக்கிறார் என்றே கொள்ளப்படும். கடலுக்குப் போகிற ஆட்களுக்கு இது பெரிய கரைச்சல் இல்லை. மீனைத் தூக்கிக் காட்டலாம். என்ரை மனுசன் கொலின்ஸின் தங்கச்சி நிதர்சனாவுக்குத்தான் தூக்கிக் காட்ட ஒன்றும் இல்லாமல் போனது.

நிதர்சனா துணிக்கைப் பௌதிகம் படித்தவள். உலகத்தில் உள்ள எல்லாமே கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளால் ஆனதாம். அவை எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவளின் வேலை. வெளிநாட்டில் பெரிய படிப்பெல்லாம் முடித்தவள், தாய், அதாவது என்ரை மாமி, கால் முறிந்து படுத்ததும் முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்தாள். ஒரு வருசமாக மாமியையும் பார்த்து, முற்றத்து முருங்கைக்குக் கீழே கதிரை போட்டுக் கணக்கும் பார்த்தாள். இப்போது வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் வேலை தருகிறது. ஆனால் இந்த ஒரு வருசம் என்ன செய்தாள் என்று உள்ளூர்க் கந்தோர் ஒன்று எழுதித் தரவேண்டுமாம். மாத முடிவுக்குள் கடிதம் போகாவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். தொழில் உறுதிப்படுத்தும் அலுவலர் நடராசா ஐயா எங்களை இருக்கச் சொன்னார். கதிரை இல்லாதபடியால் நின்றோம்.

“என்ன தொழில், தங்கச்சி?”

“துணிக்கையளைப் பற்றி யோசிக்கிறது, ஐயா.”

“யோசிச்சு?”

“திரும்பவும் யோசிக்கிறது.”

ஐயா கணினியில் தேடினார். மீன்பிடி இருந்தது. நெல், கோழி, தையல் எல்லாம் இருந்தன.

“யோசிக்கிறது எண்டு இந்தக் கந்தோரில ஒண்டும் இல்லையே,” என்றார். “சரி, சாமான் எங்கை இருக்கு? கடலிலயோ, தரையிலயோ?”

“எல்லா இடத்திலயும் இருக்கு, ஐயா.”

“உங்கட வீட்டு வளவுக்குள்ளையுமோ?”

“ஓம், வளவு முழுக்க அதுதான்.”

ஐயா பேனையைக் கீழே வைத்தார். “எவ்வளவு காலமா?”

நான் அவளின் கையைக் கிள்ளினேன். படித்த பிள்ளை, எங்கே அடங்கும்?

“இந்தப் பூமி உண்டாக முந்தியே இருக்கு, ஐயா.”

முடிந்தது கதை. மிகப் பழைய சாமான் எது நிலத்தில் கிடந்தாலும், அது பழமை பேணும் பிரிவுக்குச் சொந்தம். கிணறு வெட்டும்போது பழஞ்செங்கல் ஒன்று தட்டுப்பட்டால், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மண்ணைப் போட்டு மூடுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவளோ பூமியை விடப் பழைய சாமான் வளவு நிறையக் கிடக்கிறது என்று வாயாலேயே சொல்லிவிட்டாள்.

நடராசா ஐயா அன்றைக்கே அறிவித்துவிட்டார். அடுத்த நாள் காலமை ஜீப் வந்தது. பழமை பேணும் பிரிவு அலுவலர் சதீஸ் எல்லைக் கற்களோடு இறங்கினார்.

மாமி ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு ஓடி வந்தா. “தம்பி, இவள் ஒண்டையும் தோண்டேல்லை ராசா! கதிரையிலதான் இருந்தவள்!”

“கதிரையிலயும் அது இருக்கோ?”

“இருக்கு,” என்றாள் நிதர்சனா.

கதிரைக்கு இலக்கம் ஒட்டினார்கள். முருங்கைக்கும் ஒட்டினார்கள். வளவைச் சுற்றிக் கல் நட்டு, வாசலில் பலகை அடித்தார்கள்: ‘பூமிக்கு முந்திய துணிக்கைகள் இவ்விடத்தில் பேணப்படுகின்றன. தோண்டுதல், கூட்டுதல், சமைத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.’

“சமைக்காமல் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?” என்று கேட்டேன்.

“அது வேற பிரிவு, அக்கா,” என்றார் சதீஸ், மரியாதையாக.

அன்றிலிருந்து ரோட்டோரத்தில் அடுப்பு. மாதமோ முடிந்துகொண்டு வந்தது. நிதர்சனா திரும்பவும் கந்தோருக்குப் போய் நின்றாள். சதீஸும் அங்கேதான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“பேணப்பட்ட பொருளை வைச்சுத் தொழில் செய்தனீங்கள் எண்டு நான் எழுதினால் உங்களைப் பிடிச்சு அடைப்பாங்கள், தங்கச்சி,” என்றார் நடராசா ஐயா. “உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

நிதர்சனா கொஞ்சம் யோசித்தாள். தொழில் அதுதானே.

“அப்ப அவ்வளவு பழைய சாமானுக்கு ஆர் ஐயா காவல்? ஆரும் களவெடுத்தால்?”

இரண்டு அலுவலரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேணப்படும் இடத்துக்குக் காவலாளி கட்டாயம் என்று சட்டத்தில் இருக்கிறது.

“காவலாளிக்குப் பொருளை அடையாளம் தெரியவேணும்,” என்றார் சதீஸ்.

“இந்தப் பக்கத்தில எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“ஒரு வருச அனுபவமும் வேணும்.”

“ஒரு வருசமா முருங்கைக்குக் கீழ இருந்து அதைத்தானே பாத்தனான்.”

“அதுக்கு உறுதிக் கடிதம் வேணும்,” என்றார் சதீஸ்.

“அது நான் குடுப்பன்!” என்று நடராசா ஐயா துள்ளி எழும்பினார். ஒரு பிரிவு இன்னொரு பிரிவிடம் கடிதம் கேட்டால் மறுக்கவே முடியாதாம். அந்த இடத்திலேயே கணினியில் அடித்தார்: ‘இவர் கடந்த ஒரு வருடமாகத் துணிக்கைகளை இரவு பகலாக அவதானித்து வந்துள்ளார். இக்காலப்பகுதியில் ஒன்றேனும் காணாமற்போகவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.’

முத்திரை விழுந்தது. பிரதி ஒன்று வெளிநாட்டுக்கும் போனது. அங்கேயுள்ள பேராசிரியர் வேலையை உறுதி செய்து, அந்தக் கடைசி வசனத்தைத் தனியாகப் பாராட்டியிருந்தார்.

அதே கிழமை காவலாளி நியமனமும் வந்தது. நிரந்தரம், பென்சன் உண்டு. சொந்தக்காரர் கேக்கோடு வந்தார்கள். இரண்டு கலியாணப் பேச்சும் வந்தது. “இவ்வளவு படிச்சதுக்கு இப்பத்தான் ஒரு பலன்,” என்று கொலின்ஸ் கண் கலங்கினார். நிதர்சனாவோ பெட்டி அடுக்கினாள்.

“பென்சன் வேலையை விட்டுட்டு யோசிக்கப் போறாளே, பாவி!” என்று மாமி விமான நிலையம் வரைக்கும் அழுதா.

அவள் பறந்த மறுநாள் கந்தோர் வாசலில் முழு ஊரும் வரிசையில் நின்றது. முந்தின மாதம் எங்கள் எல்லைக் கல்லைப் பார்த்து மண் அள்ளித் தூற்றின ஆட்கள், தங்கள் தங்கள் வளவு மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். “ஐயா, எங்கட வளவிலயும் துணிக்கை இருக்கு. எங்களுக்குக் கல்லு நட்டு, காவல் வேலை எப்ப தருவியள்?”

நான் அந்த வரிசைக்குப் போகவில்லை. பிள்ளையை வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க ஏலுமோ? விடியவே கொலின்ஸை அனுப்பிவிட்டேன், இரண்டு பையோடு. ஒன்று எங்கள் தோட்டக் காணி மண், அங்கே இன்னும் கல் நடவில்லை. மற்றது என்ரை அம்மா வீட்டு மண். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.