நாடில்லாத இளவரசரும் வீடில்லாத போடியாரும்

ஹாஜறா கணவனின் வெள்ளைச் சேர்ட்டுக்குக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, ஸ்திரிக்கைப் பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தாள். சேர்ட்டுக்குரிய ஜவுபர் பெனியனோடு பக்கத்தில் நின்று, கொலர் இன்னும் கொஞ்சம் விறைக்க வேண்டும் என்றார். வருகிறவர் ஜேர்மன் இளவரசர். ஓர் இளவரசரை இன்னொருவர் தொய்ந்த கொலரோடு வரவேற்க முடியுமா?

இன்னொருவரா என்று கேட்கிறீர்கள். பொறுங்கள். முன்னாள் ராஜவம்சத்தார் என்று ஓர் இனம் உண்டு. பனி கொட்டும் நாட்டிலும் அது முளைக்கும், இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரை மணலிலும் முளைக்கும். அதற்கு மண் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மண் இருந்து, பிறகு கைவிட்டுப் போயிருந்தால் போதும்.

ஜேர்மன் இளவரசரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பெயரில் ஏழு சொற்கள். அவற்றில் இரண்டு ஊர்களின் பெயர்கள். இரண்டு ஊரிலும் அவருக்கு ஒரு பேர்ச் காணி கிடையாது. தொண்ணூறு வருடங்களுக்கு முன் அவருடைய பாட்டனாரின் தகப்பன் அரண்மனையின் பின்கதவால் இறங்கிப் போனதோடு ஆட்சி முடிந்தது. இளவரசர் என்பது இப்போது பட்டம்கூட இல்லை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயரின் ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரண்மனை நீரிழிவு ஆஸ்பத்திரியாகிவிட்டது. வருடத்துக்கொரு தடவை பாட்டனார்களின் படங்களைப் பார்க்கப் போவார். வாசலில் நிற்கும் காவலாளி, எந்த வார்ட் என்று கேட்பான். இந்த இனத்துக்கு உத்தியோகம் என்று ஒன்றிருக்காது. தலைமை இருக்கும். இளவரசர் வேட்டைச் சங்கத்துக்குத் தலைவர், ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவர், இரண்டாயிரத்து நான்கு மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு சுனாமி வீடுகள் கட்டித்தரும் ஒரு நிதியத்துக்கும் தலைவர்.

அடுத்தவர் நம்முடைய ஜவுபர். அக்கரைப்பற்றில் போடியார் என்று அழைக்கப்பட்ட பெரிய வயற்காரர் ஒருவரின் பேரன். போடியாருக்கு முந்நூறு ஏக்கர் வயல் இருந்தது. அது மகள்மாருக்கும் பேத்திமாருக்கும் சீதனமாகப் பிரிந்து பிரிந்து, பேரனின் பங்குக்கு வரும்போது ஒரு கதையாக மிஞ்சியது. மாவட்டத்தை ஆண்ட வெள்ளைக்கார ஏசண்டுத் துரை குதிரை வண்டியில் வந்து போடியார் வீட்டில் பகல் சாப்பிட்ட கதை. ஹாஜறாவைக் கலியாணம் முடித்த வருடம் அந்த வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. சுனாமிக்கு முன் நான்காயின. அகதி முகாமில் பொழுது போகாத நாட்களில் ஆறாகிவிட்டன.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. உம்மா மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார். ஜவுபரும் அப்படித்தான் சாய்ந்தமருதுக்கு வந்தார். பிறந்தது உம்மாவின் வீட்டில். அது தங்கைக்குப் போனது. வாழ்ந்தது ஹாஜறாவின் வீட்டில். அந்த வீட்டையும், அதை ஹாஜறாவுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னறையில் இருந்த உம்மாவையும், கடல் ஒரே காலையில் கொண்டுபோயிற்று.

முகாமில் ஹாஜறா தண்ணீர் வரிசையில் நின்ற ஒரு நாள், நிதியத்தின் ஆட்கள் படிவத்தோடு வந்தார்கள். படிவத்தின் முதல் கேள்வி: குடும்பத் தலைவர் யார்? ஜவுபர் எழுந்து நின்றார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதரிடம் முதல்முதலாக ஒருவர் அப்படிக் கேட்டால் யார்தான் எழும்ப மாட்டார்? குடத்தோடு ஹாஜறா திரும்பி வந்தபோது எழுத்தெல்லாம் காய்ந்திருந்தது.

அத்திவாரக் கல்லை இளவரசர் இரண்டாயிரத்து ஐந்தில் நட்டார். அதன்பிறகு சண்டையும் சோதனைச் சாவடியும் சீமெந்துத் தட்டுப்பாடுமாக வருடங்கள் போயின. இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. இரண்டு மாதத்தில் இளவரசர் வந்துவிட்டார். வயலோரத்தில் அறுபது வீடுகள். இன்று, படிவத்திலுள்ள குடும்பத் தலைவரின் பெயருக்குப் பத்திரம் கொடுக்கிற நாள். பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இன்றைக்கு எழுதப்படும் பெயரைப் பத்து வருடத்துக்கு மாற்ற ஏலாது.

மகள் றிஸ்லாவுக்கு இருபத்துநான்கு வயது. பேசி வைத்த மாப்பிள்ளையின் உம்மா ஜெமீலா நல்ல மனுசி. நகை கேட்கவில்லை, கைக்கூலிக் காசு கேட்கவில்லை. வீடு புள்ளைட பேரில வரட்டும், அதுக்குப் பொறகு நாள் பார்ப்பம் என்று மட்டும் சொல்லியிருந்தார். ஆகவே ஹாஜறாவுக்கு வேண்டியது தன் பெயர்கூட இல்லை. றிஸ்லாவின் பெயர்.

கூட்டம் முடிந்ததும் இளவரசர் தேநீருக்கு ஜவுபர் வீட்டுக்கே வந்தார். இனம் இனத்தைக் கண்டுபிடித்துவிட்டது. விறைத்த கொலரும் விறைத்த கொலரும் எதிரெதிரே உட்கார்ந்தன. நிதியத்தின் களஉத்தியோகத்தர் றிபாஸ் நடுவில் இருந்து மொழிபெயர்த்தான். போடியார் என்றால் என்னவென்று விளங்கியதும் இளவரசர் எழுந்து மறுபடியும் கைகொடுத்தார். ஹாஜறா தலையில் முந்தானையை இழுத்துவிட்டுத் தேநீரை வைத்தாள். திரைச்சீலை ஓரத்தில் நின்றபடி றிபாஸிடம் விசயத்தைச் சொன்னாள்.

இளவரசர் கவனமாகக் கேட்டார். கேட்பதில் இந்த இனத்தை மிஞ்ச ஆளில்லை. பிறகு தங்கள் வம்சத்து வழக்கத்தை விளக்கினார். எல்லாம் ஆணுக்குத்தான். அவருக்கு மூத்தவள் ஒரு சகோதரி, மாட்டு வைத்தியர். அவளுக்கு ஒன்றுமில்லை. இவருக்குத் தலைமை கிடைத்தது. அதோடு ஒரு கொடியும், பாட்டனாரின் வாளும், வாளைத் தொங்கவிட ஒரு சுவர் தேவை என்ற கவலையும்.

"அவர்ட ராத்தா இப்ப எங்க இரிக்கிறா எண்டு கேளுங்க" என்றாள் ஹாஜறா.

சொந்தமாக வாங்கிய வீட்டில் இருக்கிறாளாம். பெரிய வீடு. குளிர்காலத்தில் இளவரசரும் அங்கேதான் தங்குவாராம். வாளும் அங்கேதான் தொங்குகிறதாம்.

"அப்ப அங்கயும் பொம்புளைட வீட்டிலதான்" என்றாள் ஹாஜறா. றிபாஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. வேலை பறிபோகாமல் இருக்கும் வழி அவனுக்குத் தெரியும்.

ஆனால் இளவரசர் கெட்ட மனிதரில்லை. பெயரை மாற்றுவது சின்ன விசயம், குடும்பத் தலைவர் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் இப்போதே மாற்றிவிடலாம் என்று சொல்லி, வம்ச இலச்சினை பொறித்த தன் பேனையைப் பத்திரத்தின் மேல் வைத்தார்.

எல்லாரும் ஜவுபரைப் பார்த்தார்கள். ஜவுபர் சுவரைப் பார்த்தார். புதுச் சுவர், சுண்ணாம்பு வாசம்கூடப் போகவில்லை. பிறந்ததிலிருந்து இன்றுவரை அவர் ஒரு சுவரிலும் யாரையும் கேட்காமல் ஆணி அடித்ததில்லை.

"இஞ்ச பாருங்க" என்றாள் ஹாஜறா. குரல் உயரவில்லை. "என்ட உம்மா எனக்குத் தந்த வீடு கடலோட போயிற்று. அதுக்குப் பதிலா வந்ததுதான் இது. நம்மட புள்ளைட பேர எழுதிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"

ஜவுபர் பேனையைக் கையிலெடுத்தார். இலச்சினையைப் பெருவிரலால் தடவினார். கனமான பேனை.

"தம்பி றிபாஸ்" என்றார், "ஏசண்டுத் துரை எங்கட மூத்தவாப்பாட வீட்டுக்கு வந்த கதைய இவருக்குச் சொன்னீங்களா?"

நீங்களாக இருந்தால் கேட்ட மறுநிமிடமே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். சந்தேகமே இல்லை. ஆனாலும் ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். உங்கள் வாசலில் தொங்கும் பலகையில் யாருடைய பெயர் இருக்கிறது? நீங்கள் இப்போது போட்டிருக்கும் சேர்ட்டை மினுக்கியது யார்? போன கிழமை பஸ்ஸில் பக்கத்திலிருந்த மனிதருக்கு உங்கள் மூத்தவாப்பாவைப் பற்றி ஒரு மணித்தியாலம் சொன்னீர்களே, அவர் கேட்டா சொன்னீர்கள்? குதிரைகள் எத்தனை என்று நான் கேட்க மாட்டேன்.

ஜவுபரின் வண்டியை இந்தத் தடவை எட்டுக் குதிரைகள் இழுத்து வந்தன. ஹாஜறா எட்டும் வந்து நிற்கும்வரை திரைச்சீலை ஓரத்தில் காத்திருந்தாள். பேனையின் மூடி திறக்கவில்லை. வெறுங்கோப்பைகளைத் தட்டத்தில் அடுக்கினாள். பத்திரத்தில் கையெழுத்துப் போட இடைஞ்சலாகக் கிடந்த சீனிக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டாள். திரையை விலக்கிக் குசினிப் பக்கம் போய்விட்டாள்.