மூக்கு குடித்த மால்வார்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை காற்றில் கலக்கும் அத்தனை நாற்றங்களையும் ஊர், பேர், பிறந்த இடத்தோடு சொல்லக்கூடிய ஒரே ஜீவன் எங்கள் ‘மூக்கு’தான். அவனுடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

திருவொற்றியூரில் உள்ள சரக்கு ஆய்வு அலுவலகத்தில் அவனும் நானும் ஒன்றாகச் சேர்ந்தோம், ஒன்றாகவே நரைத்தோம். கப்பலில் வந்த சரக்கு நல்லதா, கெட்டதா என்று பார்த்து எழுதித் தருவது எங்கள் பிழைப்பு. பார்ப்பதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். கண்டெய்னர் லாரி வரிசையில் நின்று நின்றே என் முழங்கால் தேய்ந்துவிட்டது. கதவு திறந்ததும் மூக்கு முதலில் தலையை உள்ளே நீட்டுவான்.

“முன்னாடி ஷோக்கா கீது. பின்னால நாலாவது அடுக்குல பருப்பு நனைஞ்சி பூத்துகினு கீது,” என்பான். மூட்டைகளை இறக்கினால் சரியாக நாலாவது அடுக்கில் பூஞ்சை இருக்கும்.

அந்த மூக்குக்கு அவன் செய்த பணிவிடை கொஞ்சமல்ல. சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, வேலை நாளில் வெங்காயமும் கிடையாது. “கல்யாணத்தன்னிக்கே எங்க வூட்ல ஊதுபத்திய அணைக்கச் சொன்ன மனுசன் இவுரு,” என்று அவன் மனைவி என்னிடம் அழாத குறையாகச் சொன்னதுண்டு. பெரியப்பா செத்துவிட்டார் என்று லீவு போட்ட கிளார்க் ஒருவன் மதியம் ஏதோ கையெழுத்துக்காக வந்தான். “சாவு வூட்டுக்குப் போனவன் மேல பிரியாணி வாசனை இன்னாத்துக்கு வருது நைனா?” என்று மேனேஜர் எதிரிலேயே கேட்டுவிட்டான் மூக்கு. அந்தப் பெரியப்பா இன்றுவரை நலமாக இருக்கிறார்.

போன மழைக்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து எழுந்தான். அதற்குப் பிறகு ஒரு புதுப் பழக்கம். முகர்ந்துவிட்டு என் பக்கம் திரும்பி, “நீ இன்னா சொல்றே மாமு?” என்பான். நான் சொன்னதையே கொஞ்சம் கனமாக்கித் தீர்ப்பாகச் சொல்வான். வயதானால் பணிவு வரும் என்பார்களே, இவனுக்கும் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

இந்த வருடக் கோடையில் ஸ்பெயினிலிருந்து வெள்ளை ஒயின் வந்தது. மால்வார் என்ற திராட்சையாம். அந்த நாட்டிலேயே பல பேருக்குத் தெரியாதாம். மருந்து சேர்க்காமல், வடிகட்டாமல், தானாகப் புளிக்கவிட்ட சரக்கு. வடிகஞ்சி மாதிரிக் கலங்கிக் கிடந்தது. வாங்க வந்த ஓட்டல்காரர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, “கெட்டுப்போச்சு, எனக்கு வேணாம்,” என்றார்.

அந்த ஒயினை வரவழைத்த பெண்மணிக்கு அதுதான் முதல் சரக்கு. “சார், இது இப்படித்தான் இருக்கும். ஆப்பிள் தோல் வாசனை வரும், மோந்து பாருங்க,” என்று கெஞ்சினார். பத்து நாள் துறைமுக யார்டு வெயிலில் நின்ற சரக்கு என்பதால் அவர் குரலிலும் உறுதி இல்லை. கெட்டது என்று நாங்கள் எழுதினால் மொத்தத்தையும் கொட்டி அழிக்க வேண்டியதுதான். மூக்கு சொன்னால் கட்டுப்படுகிறோம் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

எர்ணாவூர் கோடவுனில் ஒரு டீ கிளாஸில் ஊற்றினோம். மூக்கு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் முகர்ந்தான். பிறகு வழக்கம்போல, “நீ இன்னா சொல்றே மாமு?”

எனக்கு மூன்று நாளாக ஜலதோஷம். “மூக்கு அடைச்சிகினு கீதுப்பா. கற்பூரத்தைக் கொளுத்தினாகூட தெரியாது,” என்றேன்.

அவன் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்து வெளியே நின்ற ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான்.

“ஜொரம் வந்துச்சே, அன்னிலேர்ந்து எனுக்கு ஒண்ணுமே தெர்ல மாமு. உன்னைக் கேட்டுத்தான் ஓட்டிகினு கீறேன். வூட்லகூட சொல்லல. இது போச்சுன்னா என்னை எவன் மதிப்பான்?”

இத்தனை மாதமாக அவன் வேலையையும் சேர்த்து நான் பார்த்திருக்கிறேன்! கோபம்தான் வந்திருக்க வேண்டும். அந்த வெயிலில் அலுப்புதான் வந்தது. “நல்லா கீதுன்னு சொல்லிட்டு வா, வூட்டுக்குப் போலாம்,” என்றேன்.

அவன் நேராகப் போய் கிளாஸை எடுத்தான். வாழ்நாளில் பீரைக்கூடத் தொடாதவன் ஒரு மடக்கு குடித்தான். வாயில் உருட்டினான். முகம் கோணியது, பிறகு மெல்ல நேரானது.

“புளிக்குது. லேசா உப்பு கீது. தொண்டைய எரிக்கல, காடி ஆவல. என் நாக்குக்கு இது நல்ல சரக்குதான்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா என் மூக்கு போயி மாசக்கணக்காவுது சார். அந்தம்மா பொழப்பு இதுல கீது. மோந்து பாக்கத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரை இட்டாந்து காட்டுங்க.”

ஓட்டல்காரர், “அப்ப இத்தனை நாளா?” என்றார்.

“நான்தான் மோந்தேன்,” என்றேன். அவனே உண்மையைச் சொன்ன பிறகு எனக்கு மட்டும் என்ன தனிக் கௌரவம்?

வேறு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து முகர்ந்து, சுவைத்து, சரக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்மணி எங்கள் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. மூக்கை ஃபைல் கட்டும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

மத்தியானம் அந்த அறையில்தான் சாப்பிடுகிறோம். அவன் டப்பாவைத் திறந்து என் முகத்தையே பார்ப்பான். மீன் குழம்பா, கருவாடா, எவ்வளவு பூண்டு, தாளிப்பு எப்படி மணக்கிறது என்று நான் முகர்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் முதல் கவளத்தை எடுப்பான். அதற்குள் என் சோறு ஆறிவிடுகிறது. ஆறட்டும்.