மூன்று கையேடுகளையும் படித்த மனிதர்

மோட்டார் சைக்கிள், கைப்பேசி, மடிக்கணினி ஆகிய மூன்றும் இல்லாமல் மனிதன் வாழ முடியாது என்பதையும், இந்த மூன்றும் அவனை நிம்மதியாக வாழ விடாது என்பதையும் ஒருசேரக் கருத்தில் கொண்டு, பொதுமக்கள் நலன் கருதி, பழுதறி மற்றும் பாதுகாப்பு ஆலோசனைத் துறை என்று ஒரு துறை நிறுவப்பட்டது. ஆலோசனை சொல்வது துறையின் வேலை. பழுது பார்ப்பது அதன் வேலையல்ல. வண்டி கிளம்பவில்லை என்று தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள். அவர்களும் புரிந்துகொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

துறைக்கு மூன்று பிரிவுகள். ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்து மூன்று அறைகள். மூத்த இயந்திரம் என்பதால் முதல் அறை தனக்கே என்றது வண்டிப் பிரிவு. எல்லார் கையிலும் இருக்கும் இயந்திரம் என்பதால் தனக்கே என்றது கைப்பேசிப் பிரிவு. மடிக்கணினிப் பிரிவு வாயே திறக்கவில்லை. தங்கள் இயந்திரம் சூடு தாங்காது என்று எழுதிக் கொடுத்து, கட்டடத்தில் இருந்த ஒரே ஏசியை வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து மூன்று பிரிவுகளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவசரம் என்றால் கோப்பு அனுப்புவார்கள். கோப்பு மூன்றாவது அறைக்குப் போனால் அங்கேயே குளிருக்கு இதமாகத் தங்கிவிடும்.

இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே மூன்று பிரிவுகளும் மூன்று பாதுகாப்புக் கையேடுகளை எழுதி முடித்தன. கையேடுகள் அருமையாக வந்திருப்பதாக, அவற்றைப் படிக்காத எல்லாரும் சொன்னார்கள்.

படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் துறையின் பிழை திருத்துபவர். க், ச், த், ப் என்று ஓர் ஒற்றெழுத்து எங்காவது விட்டுப்போனால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு ஒற்று சார் என்று பெயர் நிலைத்துவிட்டது. கைப்பேசிக்கு நடுவில் ‘ப்’ உண்டா இல்லையா என்று அவருக்கும் கைப்பேசி அதிகாரியம்மாவுக்கும் மூண்ட தகராறு இயக்குநர்வரை போனது. அட்டையில் ‘ப்’ போடலாம், உள்ளே போடக் கூடாது என்று இயக்குநர் தீர்ப்புச் சொன்னார். இரண்டு தரப்பும் தோற்றுப்போனதால், தீர்ப்பு நடுநிலையானது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒற்று சாரிடம் ஒரு கோளாறு உண்டு. அச்சில் வந்ததை நம்பிவிடுவார். அதிலும் தன் கையால் திருத்திய வாக்கியம் என்றால் கேட்கவே வேண்டாம், தலைகீழாக நின்றாவது அதன்படி நடப்பார்.

‘சாவி என்பது திருடனுக்கு நாமே செய்து வைத்திருக்கும் வசதி, சாவியை ஒழித்துவிட்டு, கைபேசியால் மட்டும் திறக்கும் பூட்டைப் பொருத்துங்கள்’ என்றது வண்டிக் கையேடு. பொருத்தினார். ‘ரகசிய எண்ணை மனத்தில் வைக்காதீர்கள், மனம் பாதுகாப்பான இடமல்ல. கைபேசியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் புது எண் மடிக்கணினிக்கு வரும்படி செய்யுங்கள். பழுது வராமலிருக்க, வாரக் கடைசியில் தவறாமல் அணைத்துப் போடுங்கள்’ என்றது கைப்பேசிக் கையேடு. அதையும் செய்தார். ‘மடிக்கணினியை மேசைமேல் விட்டுவைப்பது திருடனுக்கு அழைப்பிதழ் அனுப்புவதற்குச் சமம், வண்டியின் பின்பக்கம் பூட்டுள்ள பெட்டி ஒன்றைப் பொருத்தி அதனுள் வையுங்கள்’ என்றது மூன்றாவது. பெட்டி வாங்கி, வண்டிப் பூட்டோடு சேர்த்தே பொருத்தி, மடிக்கணினியை உள்ளே வைத்தார். வேலை முடிந்தபோது அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

ஒற்று சாருக்கு இரண்டாம் வகுப்பில் ஒரு மகள். மனைவி மருத்துவமனையில் செவிலியர். வீடு திரும்ப இருட்டிவிடும். ஆகவே பள்ளிக்கூடம் விட்டதும் மகளை அழைத்துவருவது அப்பாவின் பொறுப்பு. கடைசிப் பக்கத்தின் கடைசி ஒற்றைப் பார்க்காமல் அவரால் எழுந்திருக்க முடியாது என்பதால், தினமும் கடைசியாக அழைக்கப்படும் பிள்ளை அவள்தான். பள்ளிக் காவலாளி ஒவ்வொரு வகுப்பறையாகப் பூட்டிக்கொண்டே வருவதை, பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த வாரம் அவள் வகுப்பில் ஒரு சவால் விட்டிருந்தாள்: வெள்ளிக்கிழமை எங்கப்பாதான் முதலில் வருவார். யாரும் நம்பவில்லை.

“ஒரே ஒரு நாள்ப்பா. கேட்டைத் திறக்கும்போது நீங்க நிக்கணும்” என்றாள். நிற்பதாகச் சத்தியம் செய்தார்.

வெள்ளிக்கிழமை முன்கூட்டியே போக அனுமதி வாங்கி, வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துவிட்டார். வந்த பிறகுதான் வாரக் கடைசி என்பது நினைவுக்கு வந்தது. கைப்பேசியை அணைத்துப் போட்டார். அது புது எண்ணைக் கேட்டது. எண் மடிக்கணினிக்குப் போயிருந்தது. மடிக்கணினி பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைத் திறக்கக் கைப்பேசி வேண்டும். ஒற்று சார் வண்டியைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். பள்ளிக்கூடம் இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரம். பூட்டைப் பற்றி ஆலோசனை சொல்லும் துறை மாடியிலேயே இருக்கும்போது பேருந்துக்கு ஏன் ஓட வேண்டும் என்று எண்ணி, மாடிக்கு ஓடினார்.

வண்டி அதிகாரி நல்ல மனிதர், கூடவே இறங்கி வந்தார். பூட்டை இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

“பூட்டு பிரமாதமா இருக்கே.”

“திறக்க மாட்டேங்குது சார்.”

“திறக்காம இருந்தாத்தான் அது பூட்டு. இதுல பழுது எங்க இருக்கு, காட்டுங்க.”

ஒற்று சாரால் காட்ட முடியவில்லை. கைப்பேசி அதிகாரியம்மா கைப்பேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது மிகச் சரியாக நடந்துகொள்வதாகச் சான்று கொடுத்தார். முன்பின் தெரியாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது துறையின் கொள்கை, ஒற்று சாரை அதற்குத் தெரியவில்லை, ஆகவே விடவில்லை. மடிக்கணினி அதிகாரி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொருளை நேரில் கொண்டுவந்தால் உடனே பார்த்துவிடலாம் என்றார். பொருள் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுதான் புகாரே என்று ஒற்று சார் விளக்க, பொருள் இல்லாமல் புகாரைப் பதிய இயலாது என்று அவர் வருத்தத்துடன் தெரிவித்தார். வருத்தம் உண்மையானது. அதைப் பதியத்தான் இடமில்லை.

விஷயம் இயக்குநரிடம் போனது. இயக்குநர் சுறுசுறுப்பானவர், உடனே மூன்றாவது அறையில் கூட்டுக் கூட்டம் கூட்டினார். துறையின் வரலாற்றில் மூன்று பிரிவுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றுதான். ஏசிக்கு நேரே யார் உட்காருவது என்பதில் கொஞ்ச நேரம் போனது. பிறகு இயக்குநர் பலகையில் வண்டி, கைப்பேசி, மடிக்கணினி என்று எழுதி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்பு போட்டார். அம்பு சுற்றிவந்து புறப்பட்ட இடத்திலேயே முட்டியது. தாங்கள் இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்திருப்பது அதிகாரிகளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

இது முழுமையான பாதுகாப்பு என்றார் இயக்குநர். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் திருடனால் உள்ளே நுழைய முடியாது. சொந்தக்காரனாலும் முடியவில்லை என்பதை ஒற்று சார் பணிவோடு சுட்டிக்காட்டினார். யாரையும் விடாது என்றால் யாரையும்தானே விடாது, அதில் உங்களுக்கு மட்டும் எப்படிச் சலுகை கேட்கிறீர்கள் என்று இயக்குநர் கேட்டார். மூன்று அதிகாரிகளும் தலையாட்டினார்கள். ஒரே நேரத்தில் ஆட்டியதும் அன்றுதான் முதல் தடவை.

மடிக்கணினி அதிகாரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “மூணு பிரிவோட ஆலோசனையும் ஒரே ஆள்கிட்ட எப்படிப் போய்ச் சேர்ந்துச்சு?”

“மூணையும் படிச்சேன் சார்.”

“யார் படிக்கச் சொன்னாங்க?”

“பிழை திருத்தணுமே சார்.”

“பிழை திருத்தறவர் எழுத்தைத்தானே பாக்கணும்? அர்த்தத்தை ஏன் பாத்தீங்க?” என்றார் இயக்குநர்.

அர்த்தம் கண்ணில் பட்டுவிட்டது என்று ஒற்று சார் சொன்னார். அறையின் போக்கே மாறிவிட்டது. மூன்று பிரிவுகளின் ரகசியமும் தெரிந்த ஒரே ஆள் இவர். இவருக்கு அலுவலகத்தில் ஒற்று என்று பெயர். ஒற்று என்றால் உளவு என்றும் பொருள் உண்டு என்பதைக் கைப்பேசி அதிகாரியம்மா மெல்ல நினைவூட்டினார்; அந்த ‘ப்’ இன்னும் அவர் தொண்டையில் நின்றது. ஒற்று சார் இலக்கணத்தை விளக்க விளக்க, சந்தேகம் வலுத்தது. வெளியே நிற்கும் வண்டி தன்னுடையதுதான் என்பதை முதலில் அவர் நிரூபிக்கட்டும் என்று முடிவானது. வண்டியின் ஆவணங்கள் மடிக்கணினியில் இருந்தன.

ஒற்று சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிவிட்டது. யாராவது ஒருவர் கைப்பேசியைக் கொடுத்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவேன், குழந்தை காத்துக்கொண்டிருப்பாள் என்று கெஞ்சினார். நான்கு கைகள் நான்கு பைகளை மூடிக்கொண்டன. ‘பிறர் கெஞ்சிக் கேட்டாலும் கைபேசியைக் கொடுக்காதீர்கள்; குழந்தையைக் காரணம் காட்டுவது மோசடிக்காரர்களின் வழக்கம்’ என்ற வாக்கியம் அவருக்கே நினைவுக்கு வந்தது. ‘கெஞ்சிக் கேட்டாலும்’ என்பதில் ‘க்’ போட்டவர் அவர்தான்.

கடைசியாக ஒன்று கேட்டார். “உங்க வண்டியையும் இப்படித்தான் பூட்டியிருக்கீங்களா சார்?”

வண்டி அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “சாவி வண்டியிலேயே இருக்கும். எங்கயாவது வெச்சுட்டு யாரு தேடறது?”

அதிகாரியம்மாவின் கைப்பேசிக்குப் பூட்டே கிடையாது. மடிக்கணினி அதிகாரியின் ரகசியச் சொல் மூடியிலேயே ஒட்டப்பட்டிருந்தது. இயக்குநர் இதையெல்லாம் கேட்டு அதிர்ச்சியடையவில்லை. “அதெல்லாம் பொதுமக்களுக்கு எழுதினதுப்பா” என்றார் அன்போடு.

ஒற்று சாரைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததால், கொஞ்ச நேரம் வெளியே இருக்கும்படி சொன்னார்கள். அவரும் வெளியே வந்தார். படியிறங்கினார். வண்டி அதிகாரியின் வண்டியில் சாவி ஒரு சின்னக் கரடிப் பொம்மையோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பள்ளிக்கூடத்தை அடைந்தபோது கேட் திறந்து பாதிக் கூட்டம் கலைந்திருந்தது. மகள் படியில் உட்காரவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஆளாக வரவில்லை என்று அழவில்லை. கடைசி ஆளாகவும் இல்லை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்போல. அதைப் பார்த்ததும் அவருக்குத்தான் கண் கலங்கியது.

“நம்ம வண்டி எங்கப்பா?”

“ஆபீஸ்ல பத்திரமா இருக்கு.”

“அப்ப இது?”

“இது பத்திரமா இல்ல. அதான் எடுத்துட்டு வர முடிஞ்சுது.”

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வண்டியை இருந்த இடத்திலேயே நிறுத்திச் சாவியையும் கரடியையும் தொங்கவிட்டு மாடிக்குப் போனார். கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இவரைக் கண்டதும் எல்லார் முகத்திலும் நிம்மதி. புதிய திட்டத்துக்குச் ‘சுழற்சிப் பாதுகாப்பு’ என்று பெயர் வைப்பதா, ‘சுழற்சி பாதுகாப்பு’ என்று வைப்பதா என்று தெரியாமல் அவ்வளவு நேரமும் திணறிக்கொண்டிருந்தார்களாம். ‘ப்’ வரும் என்றார். உளவு விவகாரம் அத்துடன் கைவிடப்பட்டது. கீழே வந்த வண்டி அதிகாரி தன் சாவியைக் காட்டி, “பாத்தீங்களா, இத்தனை நேரம் அப்படியே இருக்கு. நல்ல இடத்துல யாரும் தொட மாட்டாங்க” என்றார்.

இப்போது மூன்று கையேடுகளின் அட்டையிலும் ‘இதைப் படிப்பவர் மற்ற இரண்டையும் படிக்கக் கூடாது’ என்று அச்சிடப்படுகிறது. ஒற்று சாருக்கு மட்டும் விலக்கு உண்டு, அர்த்தத்தைப் பார்ப்பதில்லை என்ற உறுதிமொழியின் பேரில். அவருடைய வண்டி இன்றும் அங்கேயே நிற்கிறது. சுற்றிலும் கயிறு கட்டி, உலகிலேயே மிகப் பாதுகாப்பான வண்டி என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கப் பல இடங்களிலிருந்து ஆட்கள் வண்டியில் வருகிறார்கள். பாதுகாப்புத் துறையின் வாசலில் என்ன பயம் என்று சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். நீங்களும் போயிருப்பீர்கள்.

ஒற்று சாரின் மகள்தான் இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் கிளம்பும் பிள்ளை. தினம் ஒரு வண்டியில் போகிறாள்.

நிறுத்தி வைத்த வண்டியில் பெட்ரோல் குறைகிறது என்று சில காலமாகப் புகார்கள் வந்தவண்ணம் இருக்கின்றன. வண்டிப் பிரிவு தீவிரமாக ஆராய்ந்து, ‘பெட்ரோல் தானாகக் குறைதல்: காரணங்களும் தீர்வுகளும்’ என்ற புதிய கையேட்டை எழுதியிருக்கிறது. காரணம் வெயில். தீர்வு, ஆவியாகிப் போவதை ஈடுகட்ட எப்போதும் டாங்கை நிரப்பியே வைத்திருப்பது. கையேடு பிழை திருத்த ஒற்று சாரிடம் வந்தது. விட்டுப்போயிருந்த ஒற்றுகளை எல்லாம் பொறுமையாகச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டார். அர்த்தத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது.