அக்காவின் பாராட்டு விழாவும் கண் கூசும் பனியனும்

பனியன் கம்பெனிக்காரனிடம் எந்த விழாப் பொறுப்பைக் கொடுத்தாலும் அவன் முதலில் பனியன் தைக்கத்தான் கொடுப்பான். நானும் அப்படித்தான் என் அக்காவின் மானத்தை வாங்கினேன்.

அக்கா விஞ்ஞானி. வாய்க்குள் ஊதா வெளிச்சம் அடித்து, புற்றுநோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய இடத்தை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. அதற்கு டெல்லியில் ஒரு விருது கிடைத்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் ஊர் ராயபுரத்தில் கல்யாண மண்டபமே பிடித்துவிட்டார். ஆனால் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "லைட்டு சம்பந்தமா என்னமோங்க" என்பார். (எலக்ட்ரிக்கல் கடை என்று நினைத்து ஃபேன் விலை விசாரித்தவர்களும் உண்டு.) அக்காவுக்கு அது உள்ளூர உறுத்தல்.

"விருது கெடக்கட்டும்டா. அப்பாவுக்கு ஒருக்கா புரிஞ்சாப் போதும்" என்றாள் என்னிடம். மேடையில் செய்து காட்டுவதற்காக ஒரு கைவிளக்கும், ஜெல்லியில் நாக்கு மாதிரி செய்த பொம்மையும் கொண்டுவந்திருந்தாள். விளக்கடித்தால் பொம்மை லேசான பச்சையில் மினுங்கும். நோயுள்ள இடம் மட்டும் இருட்டாகத் தெரியும்.

எங்கள் கம்பெனியில் பிளீச்சிங் என் பொறுப்பு. விழாவுக்கு வரும் எல்லோருக்கும் வெள்ளைப் பனியன் என்று முடிவு செய்தேன். சும்மா வெள்ளையா? ஒயிட்னர் என்று ஒன்று உண்டு. துணியைக் கண் கூசுகிற வெள்ளையாக்கும். அதை வழக்கத்தைவிட அள்ளிப் போட்டேன். போதாக்குறைக்கு, அவ்வளவு பெரிய மண்டபத்துக்கு அக்காவின் கைவிளக்கு கேவலமாகப் பட்டதால், டான்ஸ் நிகழ்ச்சிகளுக்குக் கட்டும் ஊதா டியூப்களை மேடையின் இரண்டு பக்கமும் கட்டவைத்தேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. (சர்ப்ரைஸாம்!)

ஒயிட்னர் ஏறிய துணி ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் என்பது எனக்குத் தெரியாதா? துணியின் ஷேடு பார்க்கிற ஊதா விளக்குப் பெட்டிக்குள் தினமும் அதைப் பார்க்கிறவன்தானே! அன்றைக்கு மட்டும் மூளை பல்லடம் பஸ் ஏறிப் போயிருந்தது.

அக்கா விளக்கை அணைக்கச் சொன்னாள். மண்டபம் இருண்டது. நான் பெருமையாகக் கை காட்ட, டியூப்கள் எரிந்தன.

ஒருவர் முகத்தையும் காணோம். தலையில்லாத நீலப் பனியன்கள் மட்டும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன. ஒரு குழந்தை வீரிட்டது. அதைக் கேட்டு எங்கள் பெரிய அத்தை வீரிட்டார். மேடையில் அக்காவைச் சுற்றி நின்ற சிறப்பு விருந்தினர்களும் ஜெகஜ்ஜோதியாக இருந்ததால், பொம்மையின் மினுமினுப்பு சுத்தமாகத் தெரியவில்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்று உடைந்த குரலில் கேட்டது மைக்கில் ஊருக்கே கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது முன்வரிசையிலிருந்து அப்பா கத்தினார். "டேய், இங்க ஒயிட்னரே ஏறலியேடா!"

வேட்டிக்கு மேல் போட்டிருந்த அவர் பனியனில், வயிற்றுப் பக்கம் உள்ளங்கையளவு இருட்டு. நான் அவசரத்தில் கலக்கிய லட்சணம். அப்பாவுக்கு விழா மறந்து, கம்பெனியில் ஒவ்வொரு பனியனாகக் குறை தேடும் செக்கிங் புத்தி வந்துவிட்டது. பக்கத்திலிருந்த காங்கேயம் எண்ணெய் மில்லுக்காரரை எழுப்பித் திருப்பி நிறுத்தி, "உங்க முதுகுலயும் இருக்குதுங்க!" என்று அடுத்தடுத்துத் தேட ஆரம்பித்தார்.

அக்கா மைக்கோடு கீழே இறங்கி வந்தாள். "ஏனுங்கப்பா, காலைல போடறப்ப இது தெரிஞ்சுதுங்களா?"

"இல்லியே சாமி. பளபளன்னு நல்லாத்தான இருந்துச்சு."

"நான் வாய்க்குள்ள தேடறதும் இந்த மாதிரிதானுங்கப்பா. சாதா வெளிச்சத்துல தெரியாது. முத்தறதுக்கு முந்தியே பார்த்துட்டா ஆளைக் காப்பாத்திரலாமுங்க."

அப்பா தன் வயிற்றையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அட, செக்கிங்கா கண்ணு! உசுருக்குப் பண்ற செக்கிங்கா!" என்றார். விளக்கைப் போட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. விருது வாங்கிய போட்டோவில்கூட அக்கா அப்படிச் சிரித்ததில்லை.

இப்போது யார் கேட்டாலும் அப்பா, போட்டிருக்கும் சட்டையை இழுத்துக் காட்டி, மகளின் வேலையைத் தெளிவாக விளக்குகிறார். என் பெருமையும் நிலைத்துவிட்டது. வீட்டில் கரண்ட் போனால் அம்மா மெழுகுவர்த்தி தேடுவதில்லை. "சாமி, உன்ற பனியனை மாட்டிட்டு வந்து அடுப்புக்கிட்ட நில்லு" என்கிறாள். அது தானாக ஒளிராது, ஊதா வெளிச்சம் வேண்டும் என்று அக்கா ஊருக்கு வரும்போதெல்லாம் விளக்குகிறாள். இதை மட்டும் அவளால் இன்னும் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.